சேறு பார்க்காதவர்கள் பருவம் பற்றிப் பேச வேண்டாம்

பனிச்சறுக்கு ஊர்களின் விளம்பரத் தாள்களுக்கு ஒரு மாறாத இலக்கணம் உண்டு. நான்கு படங்கள். முதல் படத்தில் வெண்பனி, நீல வானம், சிவப்புச் சட்டையில் சறுக்கி வரும் ஒருவர். இரண்டாவதில் மலைப் பூக்கள். மூன்றாவதில் ஏரி, சைக்கிள், சிரிக்கும் குடும்பம். நான்காவதில் மஞ்சள் இலைகள். கீழே ஒரு வரி: நான்கு பருவமும் கொண்டாட ஒரே ஊர்!

படங்கள் உண்மை. வரிதான் பொய்.

பருவம் என்பது வேறு, சீசன் என்பது வேறு. தமிழில் இந்த வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும். "குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டது", "ஊட்டியில் இப்போது சீசன் இல்லை" என்றுதான் சொல்கிறார்கள். சீசன் இல்லையென்றால் ஊட்டியில் வானிலையே இல்லை என்று அர்த்தமா? கூட்டம் இல்லை, அறை வாடகை குறைவு என்று அர்த்தம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லாக இருப்பதால், அந்த மயக்கத்திலேயே ஒரு பெரிய வியாபாரம் நடக்கிறது. சீசனை விற்றுவிட்டுப் பருவத்தை விற்றதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். வாங்கிப் போனவர்களும் பருவத்தைப் பார்த்துவிட்டதாக நம்பிக்கொள்கிறார்கள்.

பொதுவாகப் பேசினால் யாருக்கும் வலிக்காது. ஒரு ஊரை எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்பென்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், சுமார் 2,400 மீட்டர் உயரத்தில், ரோரிங் ஃபோர்க் ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஏறத்தாழ 7,000. ஊரையும் அக்கம்பக்கத்தையும் சேர்த்தால் ஆஸ்பென் மலை, ஆஸ்பென் ஹைலண்ட்ஸ், பட்டர்மில்க், ஸ்னோமாஸ் என்று நான்கு சறுக்கு மலைகள். உலகப் பணக்காரர்களின் குளிர்கால முகவரி. அந்த ஊரைப் பற்றிப் பேசும் யாரும் "அங்கே பருவங்கள் மாறுவதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்" என்று சொல்லாமல் முடிப்பதில்லை.

சரி, மாறுவதை எத்தனை பேர் பார்க்கிறார்கள்?

ஆஸ்பெனில் லிஃப்ட்கள் வழக்கமாக நவம்பர் கடைசியில், நன்றி கூறும் நாள் விடுமுறையை ஒட்டி ஓடத் தொடங்கும். ஏப்ரல் நடுவாக்கில் நிற்கும். இதுதான் சீசன். இப்போது மலையின் கணக்கைப் பார்க்க வேண்டும். கொலராடோவின் உயரமான சரிவுகளில் பனி அதிகமாகச் சேர்ந்திருப்பது எப்போது? கிறிஸ்துமஸுக்கு அல்ல. பெரும்பாலான ஆண்டுகளில் ஏப்ரல் முதல் பாதியில்தான் அது உச்சத்தைத் தொடுகிறது. அதாவது ஆண்டு முழுவதும் சேர்ந்த பனி நிறைந்து நிற்கும் நாட்களில் லிஃப்ட்டை நிறுத்துகிறார்கள். பனி தீர்ந்ததால் மூடுவதில்லை, ஆள் தீர்ந்ததால் மூடுகிறார்கள்! வாடிக்கையாளர்களுக்கு ஏப்ரல் வந்தால் கோல்ஃப் ஞாபகம் வந்துவிடுகிறது, கடற்கரை ஞாபகம் வந்துவிடுகிறது.

நவம்பரில் நேர்மாறான கூத்து. மலை இன்னும் தயாராகவில்லை. பல ஆண்டுகளில் தரையில் பெயருக்குத்தான் பனி. ஆனால் விடுமுறைத் தேதி வந்துவிட்டது, விமான டிக்கெட் விற்றாகிவிட்டது. என்ன செய்வது? இயந்திரம் இருக்கிறதே. ஓடையிலிருந்தும் குளத்திலிருந்தும் நீரை எடுத்து, அழுத்தப்பட்ட காற்றோடு சேர்த்து நுண்துளிகளாகப் பீய்ச்சுகிறார்கள். வெப்பநிலை உறைநிலைக்குக் கொஞ்சம் கீழே இருந்து காற்றும் வறண்டிருந்தால், துளிகள் தரை சேருமுன் உறைந்துவிடும். கொலராடோவுக்கு 1976-77 குளிர்காலத்தில் பனி பொய்த்து ஊர்கள் கதிகலங்கிய பிறகு இந்த இயந்திரங்கள் மாநிலமெங்கும் பெருகின. மலை ஓடைகளில் நீர் மிகக் குறையும் காலத்தில்தான் நீர் எடுக்கப்படுகிறது என்பதை விளம்பரத் தாள் சொல்லாது.

பனி இல்லாதபோது திறப்பு, நிறைந்திருக்கும்போது மூடல். இப்படி ஒரு காலண்டரை வைத்துக்கொண்டு "இயற்கையின் தாளத்தோடு இணைந்த ஊர்" என்று எழுத ஒரு துணிச்சல் வேண்டும். அந்த ஊரின் சீசன் மலையின் காலண்டரில் இல்லை, பள்ளி விடுமுறைக் காலண்டரில் இருக்கிறது.

அப்படியென்றால் மலையின் காலண்டர் எப்படி இருக்கும்?

லிஃப்ட் நின்ற மறுநாளிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். ஏப்ரல் கடைசியும் மே மாதமும் அந்த ஊர்க்காரர்கள் வாயில் "சேற்றுக் காலம்". கடைகளில் பாதி பூட்டியிருக்கும். உணவகங்களின் கதவில் "ஜூனில் சந்திப்போம்" என்று அட்டை தொங்கும். தெருவில் நாய்களும் அவற்றின் சொந்தக்காரர்களும்தான் நடப்பார்கள். காலையில் உறைந்து கிடக்கும் பாதை மதியத்தில் கூழாகி, மாலையில் மறுபடி இறுகும். காலணியோடு ஒரு கிலோ மண் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும். ஒரே நாளில் வெயில், மழை, ஆலங்கட்டி, பனி நான்கும் வந்து போகும். அழகு என்று எடுத்த எடுப்பில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் அந்த ஆண்டில் நடக்கும் மிகப் பெரிய விஷயம் அந்த ஆறேழு வாரங்களில்தான் நடக்கிறது. ஐந்து மாதம் மலையில் சேர்ந்த மொத்த நீரும் அசையத் தொடங்குகிறது. ஊருக்குள் எங்கே நின்றாலும் நீர் ஓடும் சத்தம் கேட்கும். கூரையில், சாக்கடையில், புல்லுக்கு அடியில். ஏப்ரலில் கல்லுக்குக் கல் தாவிக் கடக்கக்கூடிய ஆறு, ஜூன் தொடக்கத்தில் பெயருக்கேற்ப உறுமிக்கொண்டு போகும். பனி விலகும் விளிம்பை ஒட்டியே, சில சமயம் பனியைத் துளைத்துக்கொண்டே, மஞ்சள் நிற லில்லிப் பூக்கள் தலைகாட்டும். அகன்ற வாலுள்ள ஹம்மிங் பறவைகள் மெக்சிகோ பக்கமிருந்து வந்து சேரும். ஆண் பறவை பறக்கும்போது அதன் இறகுகளே உலோகச் சத்தம் எழுப்பும் என்பதால், கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடும். எல்க் மான்கள் கன்று ஈனும் காலம் என்பதால் சில காட்டுப் பாதைகளை ஜூன் கடைசிவரை மனிதர்களுக்கு மூடி வைக்கிறார்கள். மனிதர்களின் சீசன் முடிந்தால்தான் மான்களின் சீசன்.

இன்னொன்றும் உண்டு. மரூன் பெல்ஸ் என்ற இரட்டைச் சிகரங்களுக்குப் போகும் சாலையில் குளிர்காலம் முழுக்கப் பனியை அகற்றுவதில்லை. வசந்தத்தில் பனியைத் தள்ளிச் சுத்தம் செய்வதற்கும் கார்களை அனுமதிப்பதற்கும் நடுவே சில வாரங்கள் கிடைக்கும். அந்த வாரங்களில் அந்தச் சாலை சைக்கிள்காரர்களுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டும். கோடையில் பேருந்துக்கு முன்பதிவு செய்து, கூட்டத்தோடு கூட்டமாக நின்று படமெடுக்கும் அதே இடம், மே மாதத்தில் அநேகமாகக் காலி. காசு கிடையாது, டிக்கெட் கிடையாது. ஆனால் எந்த விளம்பரத்திலும் அந்தப் படம் கிடையாது. விற்க முடியாத எதுவும் அழகில்லை என்பதுதான் அந்தத் தொழிலின் அழகியல்.

ஜூலையும் அவ்வளவு எளிமையான "கோடை" அல்ல. ஜூலை நடுவிலிருந்து தெற்கேயிருந்து ஈரக்காற்று ஏறி வரும். காலையில் கண்ணாடி போன்ற வானம், மதியம் இடி. சிகரம் ஏறுகிறவர்கள் நண்பகலுக்குள் இறங்கிவிட வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். இல்லையென்றால் மரமில்லாத முகட்டில் மின்னலுக்கு மிக உயரமான பொருளாக அவர்களே நிற்க வேண்டிவரும். இந்தக் காலத்துக்குக் கொலராடோக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? மான்சூன்! அதே சொல்தான். விளம்பரத் தாளின் நான்கு படங்களில் இதற்கு இடமில்லை.

இன்னொரு காலத்தைப் பற்றியும் அவர்கள் பேசுவதில்லை. புகைக்காலம். 2017-18 குளிர்காலத்தில் பனி குறைவு. அடுத்த ஜூலையில், 2018 ஜூலை 3 அன்று, கீழ்ப் பள்ளத்தாக்கில் பாசால்ட் ஊரருகே காட்டுத்தீ பற்றி 12,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. தீயை மூட்டியது துப்பாக்கி சுடும் மைதானத்தில் யாரோ சுட்ட குண்டு. ஆனால் அது அவ்வளவு தூரம் பரவக் காடு காய்ந்திருக்க வேண்டும், காடு காயக் குளிர்காலம் பொய்த்திருக்க வேண்டும். பிப்ரவரியில் நான்கு நாள் வந்தவருக்கு அது "வெயில் அடித்த நல்ல பிப்ரவரி". ஜூலையிலும் அங்கேயே இருந்தவர்களுக்குத்தான் அந்த நல்ல பிப்ரவரியின் மிச்சக் கணக்கு தெரியும். பருவங்களைத் துண்டு துண்டாக வாங்குகிறவர்களுக்கு இந்தத் தொடர்பு ஒருநாளும் பிடிபடாது.

செப்டம்பர் கடைசி வாரத்துக்கு மட்டும் கொஞ்சம் மதிப்பு உண்டு. ஊருக்குப் பெயர் தந்த ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகும் வாரம். இலைக்காம்பு தட்டையாக இருப்பதால் சின்னக் காற்றுக்கும் இலைகள் துடிக்கும். மலை முழுக்கப் பொற்காசைக் குலுக்குவது போல இருக்கும். கூட்டம் வருகிறது, படம் எடுக்கிறது, இலை விழுந்ததும் போய்விடுகிறது. அந்த மரம் அதற்குப் பிறகும் சும்மா இருப்பதில்லை. ஆஸ்பென் மரப்பட்டைக்குள் பச்சையம் உண்டு. இலையெல்லாம் உதிர்ந்த பிறகும் தோதான நாட்களில் பட்டையே ஒளிச்சேர்க்கை செய்கிறது. குளிர்காலத்தில் பசித்த எல்க் மான்கள் அந்தப் பட்டையைக் கடித்துத் தின்பதும் அதனால்தான். ஒரு சரிவில் நிற்கும் நூற்றுக்கணக்கான மரங்கள் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து முளைத்த ஒரே உயிர். மரத்துக்கு ஆஃப் சீசன் கிடையாது. ஊருக்குத்தான் உண்டு.

குளிர்காலம்கூட ஒரே காலம் அல்ல. டிசம்பரின் பனி வேறு, மார்ச்சின் பனி வேறு. ஜனவரியின் கடுங்குளிரில் விழும் பனி ஊதினால் பறக்கும். மார்ச் கடைசியில் பகலில் உருகி இரவில் உறைந்து உறைந்து, பனி சோள மணி போல் உருண்டு திரளும். காலை எட்டு மணிக்கு அது கண்ணாடி. பத்தரைக்குச் சர்க்கரை. மதியம் ஒரு மணிக்குப் பிசைந்த மாவு. அந்த இடைப்பட்ட ஒரு மணி நேரத்துக்காகக் காத்திருக்கத் தெரிந்தவர்களே அந்த ஊரின் உண்மையான ரசிகர்கள். நாலு நாள் பொதியில் வந்தவர் எட்டு மணிக்கே ஏறி, "பனி சரியில்லை" என்று ஓட்டல்காரரிடம் சண்டை பிடிப்பார்.

எண்ணிப் பார்த்தால் எட்டோ ஒன்பதோ வருகிறது. விற்பது மூன்று, கணக்கில் காட்டுவது நான்கு.

இந்தக் குறுக்கல் எப்படி வந்தது? மலை செய்ததல்ல, மனிதர்கள் செய்தது. அந்தப் பள்ளத்தாக்கு யூட் பழங்குடியினரின் நிலம். கோடையில் மேலே ஏறி, குளிருக்குத் தாழ்வான பள்ளத்தாக்குகளுக்கு இறங்கி, பருவத்தோடு நடந்தவர்கள் அவர்கள். 1879இல் வெள்ளி தேடி வந்தவர்கள் அங்கே குடிசை போட்டார்கள். 1881இல் யூட் மக்களில் பெரும்பகுதியினர் யூட்டாவுக்கு விரட்டப்பட்டார்கள். பருவத்தோடு நகர்ந்தவர்கள் போய், பருவத்தைப் பொருட்படுத்தாமல் பூமியைத் தோண்டியவர்கள் வந்தார்கள். 1893இல் அமெரிக்க அரசு வெள்ளி கொள்முதல் சட்டத்தை ரத்து செய்ததும் ஊர் சரிந்தது. ஒரு காலத்தில் 10,000 பேருக்கு மேல் இருந்த ஊரில் 1930இல் 705 பேர்.

பிறகு பனி வெள்ளியானது. 1930களின் கடைசியில் சுரங்கத்தின் பழைய உதிரிகளைக் கொண்டே முதல் இழுவை வண்டியைக் கட்டினார்கள். 1947 ஜனவரியில் சேர் லிஃப்ட் திறப்பு விழா. அப்போது உலகிலேயே நீளமானது. சிகாகோ தொழிலதிபர் வால்டர் பேப்கே 1949 கோடையில் கதேயின் 200ஆம் ஆண்டு விழாவை அங்கே நடத்தி, ஆல்பர்ட் ஷ்வைட்சரையே வரவழைத்தார். இசை விழா அப்படித் தொடங்கி இன்றும் நடக்கிறது. நல்ல காரியம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அன்றோடு ஊருக்கு இரண்டு சீசன் என்று முடிவாகிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் "இடைவேளை".

இந்த வித்தை ஆஸ்பெனின் கண்டுபிடிப்பும் அல்ல. சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் 1864இல் ஓட்டல் நடத்திய யோகன்னஸ் பத்ருட், கோடைக்கு வந்த ஆங்கிலேயர்களிடம் "குளிர்காலத்தில் வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் செலவு என்னுடையது" என்று பந்தயம் கட்டினார் என்பது அங்கே சொல்லப்படும் கதை. கதை எவ்வளவு நிஜமோ, சங்கதி நிஜம். அதுவரை ஆகாத காலமாக இருந்த ஆல்ப்ஸ் குளிர்காலம் ஒரு சரக்காகிவிட்டது. அதில் ஒரு பாடம் இருக்கிறது. யாருக்கும் வேண்டாத பருவம் என்று இயற்கையில் ஒன்று கிடையாது. இன்று சேறு இருக்கும் இடத்தில்தான் அன்று பனி இருந்தது.

இதற்கு வரும் பதில்கள் தெரிந்தவைதான்.

"இரண்டு வாரம்தான் லீவு. ஆண்டு முழுக்க அங்கே உட்கார முடியுமா?" முடியாது. யாரும் கேட்கவும் இல்லை. அந்த இரண்டு வாரத்தில் பார்த்தது இரண்டு வாரம்தான் என்று ஒப்புக்கொண்டால் போதும். கல்யாண ரிசப்ஷனுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தவர், அந்தத் தம்பதியின் குடும்ப வாழ்க்கையைப் பற்றிப் புத்தகம் எழுதுவதில்லையே.

"சேற்றில் ரசிக்க என்ன இருக்கிறது?" இதுதான் அடிப்படைத் தப்பு. பருவ மாற்றத்தை ரசிக்கிறேன் என்கிறவர் 'மாற்றம்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பனி ஒரு நிலை. பூ ஒரு நிலை. பனி பூவாக மாறும்போது நடுவில் இருப்பது சேறு. அதை வேண்டாம் என்கிறவருக்கு வேண்டியது மாற்றம் அல்ல, மாற்றி மாற்றிக் காட்டும் படங்கள். அதற்கு ஊருக்குப் போக வேண்டியதே இல்லை, காலண்டர் வாங்கி மாட்டினால் போதும்.

"பணம் வருவது சீசனில்தான். சீசன் இல்லாவிட்டால் ஊரே இல்லை." இது மட்டும்தான் கனமான வாதம். 1930இன் 705 பேரை யாரும் மறக்க முடியாது. சுற்றுலாதான் அந்த ஊரை உயிர்ப்பித்தது. ஆனால் இன்று அந்தப் பணம் யாரை ஊரில் வைத்திருக்கிறது, யாரை வெளியே தள்ளியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஆஸ்பெனில் ஒரு தனி வீட்டின் விலை பல மில்லியன் டாலர். அந்த வீடுகளில் ஏராளமானவை ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றன. சொந்தக்காரர் கிறிஸ்துமஸுக்கு வருவார், ஜூலையில் ஒரு முறை வருவார். அந்த வீட்டுக்கு முன்னால் பனி தள்ளுபவர், சமையல்காரர், செவிலியர், ஆசிரியர், பேருந்து ஓட்டுநர்? பலர் பாசால்ட், கார்பண்டேல், க்ளென்வுட் ஸ்பிரிங்ஸ், அதையும் தாண்டி ரைஃபிள் வரை தள்ளித் தள்ளிப் போய்விட்டார்கள். க்ளென்வுட் ஸ்பிரிங்ஸ் 40 மைல். ரைஃபிள் 65 மைலுக்குக் குறையாது. காலை இருட்டில் 82ஆம் எண் நெடுஞ்சாலையில் மேலேறி வந்து, மாலை இருட்டில் இறங்கிப் போகிறார்கள். டிசம்பர் நெரிசலைச் சமாளிக்க அர்ஜென்டினா, பெரு போன்ற நாடுகளிலிருந்து மாணவர் விசாவில் பிள்ளைகள் வருகிறார்கள். தென்கோளத்தில் அப்போது கோடை விடுமுறை. தங்கள் கோடையைக் கொடுத்து அடுத்தவரின் குளிர்காலத்துக்கு வேலை செய்துவிட்டு, பனி உருகுவதற்குள் ஊர் திரும்ப வேண்டியவர்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆஸ்பென் இதைக் கண்டுகொள்ளாத ஊர் அல்ல. உழைப்பவர்கள் அங்கேயே வசிக்க வேண்டும் என்று நகரமும் மாவட்டமும் சேர்ந்து சுமார் 3,000 வீடுகளை விலைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கின்றன. 7,000 பேர் உள்ள ஊருக்கு அது சின்ன விஷயமில்லை. அமெரிக்காவின் மற்ற மலை ஊர்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்கின்றன. அப்படியும் போதவில்லை. ஏப்ரலின் சேற்றையும் அக்டோபரின் வெறுமையையும் பார்க்கக்கூடியவர்கள் ஊரை விட்டு 40 மைல் தள்ளி இருக்கிறார்கள். பார்க்காதவர்களின் வீடு ஊர் நடுவில் பூட்டிக் கிடக்கிறது.

இதில் போவது ரசனை மட்டும்தான் என்றால் விட்டுவிடலாம். அதற்கு மேலும் ஒன்று போகிறது.

ஆஸ்பெனுக்குத் தெற்கே, எல்க் மலைத்தொடரின் மறுபக்கம், காத்திக் என்றொரு கைவிடப்பட்ட சுரங்க ஊர் இருக்கிறது. கோடையில் அது ஆராய்ச்சி நிலையம். குளிர்காலத்தில் சாலை பனியில் மூடிவிடும், சறுக்கித்தான் போக வேண்டும். அங்கே 1970களில் தனியாகக் குடியேறிய பில்லி பார் என்பவர், பொழுது போகாமல் தினமும் ஒரு நோட்டில் குறித்து வைக்கத் தொடங்கினார். எவ்வளவு பனி விழுந்தது, எவ்வளவு கிடக்கிறது, முதல் பறவை என்று வந்தது, மார்மட் என்று வளையை விட்டு வெளியே வந்தது. (மார்மட் என்பது அணில் குடும்பத்தைச் சேர்ந்த, பூனை அளவுள்ள ஒரு குண்டு விலங்கு. குளிர்காலம் முழுக்கத் தூங்கும்.) யாரும் கேட்டு எழுதியதல்ல. சம்பளம் தந்து எழுதச் சொன்னதும் அல்ல.

அந்த நோட்டுகள் விஞ்ஞானிகள் கைக்கு வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. 2000இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஆசிரியர்களில் ஒருவராகப் பில்லி பாரின் பெயரும் இருக்கிறது. 23 ஆண்டுகளில் மார்மட்கள் விழிக்கும் நாள் 38 நாட்கள் முன்னே வந்துவிட்டது என்றது அந்தக் கட்டுரை. ராபின் பறவைகளும் ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னதாக வரத் தொடங்கியிருந்தன. ஆனால் பனி உருகும் நாள் அதே அளவுக்கு முன்னே வரவில்லை. விழித்த விலங்குக்கு முன்னால் புல் இல்லை, பனி இருக்கிறது. வந்த பறவைக்கு மண் இல்லை, பனி இருக்கிறது. கீழே வெப்பம் ஒரு கணக்குச் சொல்ல, மேலே பனி வேறு கணக்குச் சொல்ல, நடுவில் உயிர்கள் மாட்டிக்கொண்டன.

இது எந்த வாரத்தில் தெரிந்தது? கிறிஸ்துமஸிலா? இசை விழாவிலா? ஏப்ரலிலும் மேயிலும் தெரிந்தது. அதாவது எல்லோரும் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் அந்தச் சேற்று வாரங்களில். பருவம் தடுமாறினால் முதலில் தடுமாறுவது ஓரங்களில்தான், ஒரு காலம் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தில். நடுக் குளிர்காலம் கடைசி வரை குளிர்காலம் போலவே தெரியும். இல்லையென்றாலும் இயந்திரம் வைத்துத் தெரிய வைத்துவிடுவார்கள். ஓரத்தில் நிற்க ஆளில்லாத ஊரில் பருவம் செத்தாலும் தகவல் சொல்ல ஆளிருக்காது.

நவம்பரில் சரிவு பழுப்பாக இருப்பதை ஒரு முறையாவது அந்த வாடிக்கையாளர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். பழுப்பு மலைமேல் ஒரே ஒரு வெள்ளைப் பட்டை, அதில் வரிசையாகச் சறுக்கும் கூட்டம். அந்தக் காட்சி விளம்பரத்துக்கு உதவாது. உண்மைக்கு உதவும்.

அந்த ஊர்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லும் சங்கங்கள் மாநாடு போடுகின்றன, உறுதிமொழி எடுக்கின்றன. நல்லது. அதோடு சின்னதாக ஒரு காரியமும் செய்யலாம். விளம்பரத் தாளில் ஐந்தாவதாக ஒரு படம் போடலாம். மே மாதம் முதல் வாரம், மதியம் மூன்று மணி, பாதி உருகிய பனி, கணுக்கால் வரை சேறு, பூட்டிய கடை, பெருகும் ஆறு. கீழே ஒரு வரி: இப்போதும் ஊர் திறந்தே இருக்கிறது.

அந்தப் படத்தைப் பார்த்தும் கிளம்பி வருகிறவர் ஒருவர் இருந்தால், பருவங்களை ரசிப்பவர் என்று அவரைச் சொல்லலாம். மற்றவர்கள் பனிச்சறுக்குப் பிடிக்கும் என்று சொல்லிக்கொள்ளட்டும். அதில் ஒன்றும் கேவலமில்லை.